மாத்திரையின் மேல் விழும் பழி

எச்ஐவியோடு வாழும் ஒருவரின் ரத்தப் பரிசோதனைத் தாளில் எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ஒரு நொதி) சற்று ஏறியிருந்தால், மருத்துவரும் செவிலியரும் வீட்டாரும், ஏன், அந்தத் தாளுக்கு உரியவரும்கூட முதலில் நினைப்பது ஒன்றைத்தான்: மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நினைப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. எச்ஐவி மருந்தான நெவிரப்பின் சிலருடைய கல்லீரலைக் கடுமையாகவே தாக்கும். எஃபாவிரென்ஸும் சிலருக்குத் தொல்லை தரும். கூடவே காசநோயும் இருந்துவிட்டால் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு எனக் கல்லீரலைச் சோதிக்கும் மூன்று மருந்துகள் ஒரே காலத்தில் உள்ளே போகின்றன. அதற்கு மேல் மது, கல்லீரல் கொழுப்பு, யாரோ கொடுத்த மூலிகைச் சூரணம் என்று சந்தேகப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனை செய்து, இரண்டும் இல்லை என்று வந்ததும் வைரஸ் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. ஹெபடைடிஸ் ஈ உண்டா என்று கேட்பவர் அரிது.

நான் மருத்துவர் அல்ல. எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் ஆலோசகராக அமர்ந்து, மாத்திரையை விடாமல் போடுவது எப்படி என்று பேசிப் பேசியே காலம் கழித்தவள். மாத்திரையைக் குற்றவாளியாக்கும் ஒவ்வொரு பேச்சும் அதனால் என் காதில் சற்று உரக்கவே விழுகிறது. ஹெபடைடிஸ் ஈ எச்ஐவி உள்ளவர்களிடையே பெரும் கொள்ளைநோயாகப் பரவிக் கிடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அது உடலில் நிலைத்துத் தங்குவது மிகவும் அரிது. ஆனால், அதைத் தேடாமலே பழியை மாத்திரையின் மேல் போட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்த வைரஸை வெளியேற்ற உதவும் முதன்மையான துணையையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

இந்த வைரஸுக்குப் பெயர் கிடைப்பதற்கு நெடுங்காலம் முன்பே அது ஊர்களைப் படுக்க வைத்திருக்கிறது. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டெல்லியில் யமுனையின் குடிநீரில் கழிவுநீர் கலந்ததால் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அன்று அதை ஹெபடைடிஸ் ஏ என்றே எல்லோரும் எண்ணினார்கள். சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதுதான் அது ஏ அல்ல என்று தெரிந்தது. 1978இல் காஷ்மீரில் பரவிய காமாலையை ஆராய்ந்த மருத்துவர் குரூ, கருவுற்ற பெண்கள் அதில் அதிகமாக இறந்ததைக் கவனித்து, இது வேறொரு வைரஸாக இருக்க வேண்டும் என்றார். 1983இல் சோவியத் வைரஸ் ஆய்வாளர் மிகயில் பலயான், ஆப்கானிஸ்தானில் நோயுற்ற படைவீரர்களின் மலத்திலிருந்து வடித்த கரைசலைத் தாமே குடித்து, தமக்குக் காமாலை வரவழைத்துக்கொண்டு, தம் மலத்திலேயே அந்த நுண்துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். இன்றைய எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. தந்திருந்தால் நானே அந்தக் குழுவின் மீது புகார் எழுதியிருப்பேன்.

மனிதரைத் தாக்கும் வகைகளில் முக்கியமானவை நான்கு. ஒன்றும் இரண்டும் மனிதரை மட்டுமே பிடிக்கும். அசுத்தமான தண்ணீர் வழியே பரவிக் கூட்டங்கூட்டமாகக் காமாலையை உண்டாக்கும். மூன்றும் நான்கும் பன்றி, காட்டுப்பன்றி, மான் ஆகியவற்றில் குடியிருந்து, சரியாக வேகாத இறைச்சி வழியே மனிதருக்கு வரும். பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமலே வந்து போய்விடும். எச்ஐவியைப் பற்றிப் பேசும்போது இந்தப் பாகுபாடு தேவைப்படுகிறது, ஏனெனில் உடலில் நிலைத்துத் தங்கியதாகப் பதிவானவற்றில் மிகப் பெரும்பாலானவை மூன்றாம் வகை. தண்ணீரால் பரவும் முதல் வகை, கருவுற்ற பெண்களின் கடைசி மூன்று மாதங்களில் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கொடியது. ஆனால் அது பெரும்பாலும் சில வாரங்களில் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும்.

2008 வரை பாடநூல்கள் ஹெபடைடிஸ் ஈ ஒருபோதும் நாள்பட்ட நோயாக மாறாது என்றே எழுதிவந்தன. அந்த ஆண்டு பிரான்சின் துலூஸ் நகர மருத்துவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் சிலருடைய உடலில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் தங்கியிருப்பதை வெளியிட்டனர். மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்கத் தரப்படும் மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கிவைப்பதால் வைரஸுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அப்படியானால், எதிர்ப்பாற்றல் வேறொரு காரணத்தால் தேய்ந்தவர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி உடனே எழுந்தது. மறு ஆண்டே, 2009இல், பிரான்சிலிருந்தும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்தும் எச்ஐவி உள்ளவர்களிடம் இந்த வைரஸ் நிலைத்திருந்த செய்திகள் வந்தன.

கார்ன்வால் நபரின் கதையை நான் பலமுறை படித்திருக்கிறேன். அவருடைய கல்லீரல் நொதிகள் காரணம் தெரியாமல் நெடுநாள் உயர்ந்தே இருந்தன, எச்ஐவி அழிக்கும் எதிர்ப்புச் செல்களான சிடி4 குறைவு, நரம்புகளிலும் வலி. எச்ஐவி உள்ள ஒருவர் நரம்பு வலி என்று சொன்னால் அதற்குக் காரணம் காட்டுவது எளிது: எச்ஐவியே நரம்பைத் தாக்கும், பழைய ஸ்டாவுடின் மாத்திரை தாக்கும், ஐசோநியாசிட்டும் தாக்கும். சேமித்திருந்த அவருடைய பழைய ரத்த மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது ஹெபடைடிஸ் ஈ வைரஸ் அவற்றிலும் இருந்தது. வைரஸை எதிர்க்கும் மருந்துகளான இன்டர்ஃபெரானும் ரிபாவிரினும் கொடுத்து வைரஸை வெளியேற்றியதும் நொதிகள் சீராயின. கூடவே நரம்பு வலியும் தணிந்தது. கல்லீரல் வைரஸ் என்று பெயர் வாங்கிய ஒன்று நரம்பிலும் சிறுநீரகத்திலும் கைவைக்கும் என்பது பின்னர் வேறு பலரிடமும் உறுதியானது.

சிடி4 குறைந்தால் இது ஏன் தங்குகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பரிசோதனையில் நேரும் குழப்பங்கள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. ஹெபடைடிஸ் ஈ வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் பெருகினாலும் அந்தச் செல்லைத் தானாக அதிகம் சிதைப்பதில்லை. வைரஸ் புகுந்த செல்களைத் தேடிப்பிடித்து அழிக்கும் நம் உடலின் டி செல்கள்தான் பெரும்பாலான சேதத்தை உண்டாக்குகின்றன. காமாலையும் களைப்பும் அந்தப் போரின் விளைவு. எதிர்ப்பாற்றல் வலுவாக இருப்பவருக்கு எஸ்ஜிபிடி ஆயிரத்தைத் தாண்டி ஏறும், கண் மஞ்சளாகும், படுத்துக்கொள்வார், சில வாரங்களில் வைரஸ் ஒழிந்துவிடும். சிடி4 செல்கள் மற்ற எதிர்ப்புச் செல்களைத் தூண்டி நடத்துபவை; அவை 200க்கும் கீழே போய்விட்டவரிடம் அந்தப் போரே முழுதாக நடப்பதில்லை. அதனால் காமாலை வராது, காய்ச்சல் வராது, எஸ்ஜிபிடி நூறு, இருநூறு என்ற அளவில் புகைந்துகொண்டிருக்கும். வைரஸ் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கும். அரைகுறையாக நடக்கும் போரால் கல்லீரலில் நார்த்திசு மெல்லப் படியும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அது கல்லீரல் சுருக்கம் வரை போயிருக்கிறது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பொதுவாக எடுத்துக்கொள்ளும் இருபது முப்பது ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இது மிக விரைவு.

நோய் கடுமையாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். இங்கே அடக்கமாக இருப்பதே ஆபத்து. ஆயிரத்தைத் தொட்ட எஸ்ஜிபிடியைப் பார்த்தால் எந்த மருத்துவரும் வைரஸைத் தேடுவார். நூற்றிருபதைப் பார்த்தால் மாத்திரைப் பட்டியலைத்தான் புரட்டுவார். அமெரிக்காவில் மருந்தால் கல்லீரல் பாதிப்பு என்று முடிவு கட்டப்பட்டவர்களின் ரத்தத்தைப் பின்னர் திரும்பச் சோதித்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. அவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம் அண்மைய ஹெபடைடிஸ் ஈ தொற்றின் எதிரணுக்கள் (தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்கள்) இருந்தன. நூற்றுக்கு மூன்று சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அந்த மூவர் விஷயத்தில் ஏதோ ஒரு மருந்து காரணமில்லாமல் குற்றவாளியாக்கப்பட்டிருக்கலாம். அவர்களில் யாரேனும் வேறு வழியில்லாத மருந்தொன்றைக் கைவிட்டிருக்கவும் கூடும்.

இனி பரிசோதனை. பெரும்பாலான ஆய்வகங்களில் ஹெபடைடிஸ் ஈ என்று எழுதிக்கொடுத்தால் எதிரணுப் பரிசோதனையைத்தான் செய்வார்கள்: அண்மைத் தொற்றுக்கு ஐஜிஎம், பழைய தொற்றுக்கு ஐஜிஜி. எதிரணு என்பது வாசலில் வைத்திருக்கும் வருகைப் பதிவேட்டைப் போன்றது; வந்தவர் பெயரை எழுத அங்கே ஆள் இருந்தால்தான் ஏட்டில் பெயர் இருக்கும். சிடி4 மிகக் குறைந்தவரின் உடலில் எழுதவே ஆளில்லை. வைரஸ் உள்ளே இருந்தும் எதிரணு தாமதமாக வரலாம், வராமலேயும் போகலாம். ஆகவே இவர்களிடம் எதிரணு இல்லை என்ற முடிவு எதையும் நிரூபிப்பதில்லை. வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவை ரத்தத்திலோ மலத்திலோ நேரடியாகத் தேடும் பிசிஆர் பரிசோதனைதான் பதில் சொல்லும். மூன்று மாதங்களுக்கு மேலும் ஆர்என்ஏ தொடர்ந்து காணப்பட்டால் அதை நாள்பட்ட தொற்று என்கிறது ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

ஒரு கோப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. காசநோய்ச் சிகிச்சை முடித்தவர். சிடி4 இருநூறுக்குக் கீழே. அடுத்தடுத்து வந்த மூன்று தாள்களிலும் எஸ்ஜிபிடியைச் சுற்றி நீல மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் கேள்விக்குறியும் இட்டிருந்தார். எழுத்தர் வேலை பார்த்தவர் என்பதால் எல்லாத் தாளும் தேதி வரிசையில் துளையிட்டுக் கோர்க்கப்பட்டிருந்தன. "அக்கா, ஒரு மாசம் மட்டும் மாத்திரையை நிறுத்திப் பாக்கட்டுமா? குறைஞ்சா மாத்திரைதான்னு தெரிஞ்சிடும்ல" என்றார். அவர் கேட்டதில் ஒரு தர்க்கம் இருக்கிறது, அதுதான் சங்கடம். "தம்பி, மாத்திரையை நிறுத்தினா எதனால ஏறுது, எதனால குறையுதுன்னு பிரிச்சுப் பாக்க நம்மால முடியாது. டாக்டர்ட்ட ஹெபடைடிஸ் ஈ பத்திக் கேளுங்க, எதிரணு இல்ல, ஆர்என்ஏ" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மருத்துவரும் மறுக்காமல் எழுதினார். ஆர்என்ஏ இல்லை என்று முடிவு வந்தது; ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தது. அதாவது அவருக்கு ஹெபடைடிஸ் ஈ இல்லவே இல்லை. ஆனாலும் மாத்திரையை நிறுத்தவில்லை, எடையைக் குறைக்கத் தொடங்கினார். கேட்ட கேள்விக்கு இல்லை என்று பதில் வருவதும் ஒரு பதில்தான். எதிரணுவை மட்டும் பார்த்திருந்தால் அந்த இல்லை என்ற சொல்லுக்கு இந்த உறுதி கிடைத்திருக்காது.

எவ்வளவு அரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இதைப் படிப்பவர் நாளையே ஆய்வக வாசலில் நிற்பார். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், எச்ஐவி உள்ளவர்களில் ஹெபடைடிஸ் ஈ ஆர்என்ஏ காணப்படுபவர்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பழைய தொற்றின் எதிரணு உள்ளவர்களின் விகிதமோ அந்தந்த வட்டாரத்துப் பொதுமக்களின் விகிதத்தை ஒட்டியே பல இடங்களில் இருக்கிறது. கார்ன்வாலில் எச்ஐவி உள்ளவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டபோது எச்ஐவியால் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்பதுதான் தொடர்புடையதாகத் தெரிந்தது. எங்கள் மையத்துக்கு வருகிறவர்களுக்கு இது ஒரு பெரிய ஆறுதல், ஏனென்றால் எச்ஐவியோடு சேர்ந்து வரும் எந்த நோயையும் உடனே நடத்தையோடு முடிச்சுப்போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஹெபடைடிஸ் ஈ வந்தவர் தண்ணீர் குடித்திருக்கிறார், அல்லது இறைச்சி தின்றிருக்கிறார். அவ்வளவே.

யாரிடம் தேட வேண்டும் என்றால், சிடி4 குறைந்து, எஸ்ஜிபிடி காரணம் தெரியாமல் உயர்ந்தே இருப்பவரிடம். கல்லீரல் சுருக்கத்துக்குக் காரணம் புலப்படாதவரிடம். காரணமில்லாத நரம்புக் கோளாறு கல்லீரல் நொதி உயர்வோடு சேர்ந்து வந்தவரிடம். சிடி4 ஐந்நூறைத் தாண்டி, வைரஸ் சுமை அடங்கி இருப்பவருக்கு இது வந்தாலும் பிறருக்கு வருவதைப் போலவே வந்து போகும்.

சிகிச்சைக்கு வருவோம். நாள்பட்ட ஹெபடைடிஸ் ஈக்கென்றே ஒப்புதல் பெற்ற மருந்து இல்லை. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களிடம் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைத்தாலே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வைரஸ் தானாக ஒழிந்துவிடுகிறது. எச்ஐவி உள்ளவரிடம் இதற்கு ஈடானது ஏஆர்டி மாத்திரையை ஒழுங்காகப் போட்டு சிடி4ஐ ஏற விடுவது. அப்படி ஏறியதும் வைரஸ் மறைந்தவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். ஏஆர்டியில் தரப்படும் டெனோஃபோவிரோ டோலுடெகிராவிரோ ஹெபடைடிஸ் ஈயை நேரடியாகத் தாக்கும் மருந்துகள் அல்ல. அவை எச்ஐவியை அடக்குகின்றன, எச்ஐவி அடங்கினால் சிடி4 ஏறுகிறது, ஏறிய சிடி4 மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். ஹெபடைடிஸ் பியும் உடனிருப்பவர், அதையும் அடக்கிவைக்கும் எச்ஐவி மருந்துகளான டெனோஃபோவிரையும் லாமிவுடினையும் திடீரென்று விட்டால் அந்த பி வைரஸ் சீறியெழுந்து கல்லீரல் செயலிழக்கும் வரை போகலாம் என்பது தனி ஆபத்து. நிறுத்திப் பார்ப்போம் என்று சொல்பவர்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உண்மையிலேயே மருந்தால் வந்த கடும் பாதிப்பு என்றால் நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நிறுத்திய இடத்தில் வேறு மருந்தை வைக்கவும் அவருக்குத் தெரியும்.

சிடி4 ஏறியும் வைரஸ் போகவில்லை, அல்லது கல்லீரல் காத்திருக்கும் நிலையில் இல்லை என்றால் ரிபாவிரின். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்ற 59 பேரிடம் இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. அவர்களில் 78 விழுக்காட்டினருக்கு வைரஸ் மீளாமல் ஒழிந்தது. பெரும்பாலும் மூன்று மாதச் சிகிச்சை போதுமானது. சிகிச்சை முடியும்போது ரத்தத்தில் வைரஸ் இல்லை என்பதோடு நின்றுவிடாமல் மலத்தையும் சோதிக்க வேண்டும், ஏனெனில் மலத்தில் மிச்சமிருந்தால் மருந்தை நிறுத்தியதும் திரும்பி வர வாய்ப்பு அதிகம். எச்ஐவி உள்ளவருக்கு இங்கே கவனிக்க வேண்டியவை வேறு. ரிபாவிரின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையை உண்டாக்கும். எச்ஐவி மருந்தான சிடோவுடினும் ரத்தசோகை தரும். இரண்டும் சேர்ந்தால் ஹீமோகுளோபின் சடசடவென்று இறங்கும். பழைய எச்ஐவி மருந்தான டிடனோசினோடு ரிபாவிரினைச் சேர்க்கவே கூடாது. அந்தச் சேர்க்கை உயிருக்கே ஆபத்தான அளவுக்கு ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டியிருக்கிறது. கருவைச் சிதைக்கும் மருந்து என்பதால், ஆணோ பெண்ணோ எவர் எடுத்தாலும், எடுக்கும் காலத்திலும் அதன்பின் சில மாதங்களும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். இதைச் சொல்லும்போது பலர் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வார்கள். தலை குனிந்தாலும் காதில் விழுந்ததா என்று நான் இரண்டாவது முறை கேட்டுக்கொள்வேன். ரிபாவிரின் பலிக்காதவருக்குப் பெகிலேட்டட் இன்டர்ஃபெரான் மிச்சம் இருக்கிறது. உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களில் பலருக்கு அது ஆகாது. எச்ஐவி உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் பக்கவிளைவுகள் தாங்குவதற்கு எளியவை அல்ல.

தடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தண்ணீர் கொதிக்க வேண்டும். இறைச்சி, குறிப்பாகப் பன்றியின் ஈரல், உள்ளே வரை வேக வேண்டும். ஈரலின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸில் இருபது நிமிடம் இருந்தால்தான் வைரஸ் முழுதாகச் செயலிழக்கிறது என்று ஆய்வகச் சோதனை காட்டியிருக்கிறது. மேலோட்டமாக வாட்டி எடுப்பது இதற்குப் போதாது. ரத்தம் வழியாகவும் இது வரும். தென்கிழக்கு இங்கிலாந்தில் 2,25,000 ரத்ததானங்களைச் சோதித்தபோது 79இல் வைரஸ் இருந்தது; அதன் முடிவு 2014இல் வெளியான பிறகு அந்த நாடு உட்படச் சில ஐரோப்பிய நாடுகள் தானமாக வரும் ரத்தத்தை ஹெபடைடிஸ் ஈக்கும் சோதிக்கத் தொடங்கின.

எலிகளிடம் காணப்படும் இன்னொரு வகையும் இப்போது கணக்கில் வந்துவிட்டது. 2018இல் ஹாங்காங்கில் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவரிடம் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மரபுப்பொருள் வெகுவாக வேறுபடுவதால் வழக்கமான பிசிஆர் பரிசோதனையின் கண்ணுக்கு அது தப்பிவிடும். ஆர்என்ஏ இல்லை என்று வந்தும் நொதிகள் காரணமின்றி ஏறிக்கொண்டே போகும் எதிர்ப்பாற்றல் குறைந்தவரிடம், ஆய்வகம் எந்த வகைகளைத் தேடியது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தடுப்பூசி ஒன்று உண்டு. ஹெகோலின் என்ற அது சீனாவில் 2011இல் ஒப்புதல் பெற்றது. மூன்று தவணை, ஆறு மாதத்தில் முடியும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆரோக்கியமான பெரியவர்கள் பங்கேற்ற பரிசோதனையில் நான்கரை ஆண்டுகளுக்குப் பின்னும் 86.8 விழுக்காடு பாதுகாப்பு இருந்தது. 2022இல் தெற்கு சூடானின் பெந்தியுவில், உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களின் முகாமில், நோய் பரவிக்கொண்டிருக்கும்போதே அதைப் போட்டார்கள். ஒரு கொள்ளைநோயை எதிர்கொள்ள அது பயன்பட்டது அதுவே முதல் முறை. உயிருள்ள வைரஸ் எதுவும் அதில் இல்லை. வைரஸின் மேலுறைப் புரதத்தின் ஒரு துண்டை மட்டும் பாக்டீரியாவில் தயாரித்துச் செலுத்துகிறார்கள் என்பதால், ஊசியால் நோயே வந்துவிடுமோ என்று எதிர்ப்பாற்றல் குறைந்தவர் அஞ்ச வேண்டியதில்லை. அவர்களிடம் அது எவ்வளவு வேலை செய்யும் என்பது வேறு கேள்வி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியிலேயே சிடி4 குறைந்தவர்களுக்குப் போதிய எதிரணு உருவாகாததால், இரட்டிப்பு அளவு போடும்படி சில வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஹெகோலினுக்கு அப்படித் தனியாக ஓர் அளவு வகுக்கப்படும் வரை, சிடி4ஐ ஏற்றிவிட்டுப் பிறகு ஊசி போடுவதே பொருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.